மழையில் கைமாறிய கிண்ணம்



கல்லூரி அணியில் உதைபந்து விளையாடும் மகனோ தம்பியோ உங்கள் வீட்டில் இருந்தால், மே மாதம் பிறந்ததுமே உங்களுக்கு வேலை கூடிவிடும். நாவலப்பிட்டி மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? ஜயதிலக்க மைதானத்திலிருந்து பிள்ளை வீடு வந்து சேரும்போது முழங்கால் வரை சேறு. துவைத்ததைக் காயப்போட வெயில் கிடையாது. இந்த நேரம் பார்த்து, "உம்மா, எனக்கு பூட்ஸ் வேணும்" என்று அவன் கேட்டால், "போன வருஷம் வாங்கின சப்பாத்து இருக்குதானே!" என்றுதான் நமக்குச் சொல்ல வரும். சொல்வதற்கு முன் இந்தக் கதையைக் கேளுங்கள்.

நமக்கு மழை கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று, ஜூன் மாதத்தில் கல்கத்தாவையும் நனைக்கிறது. அந்த நகரத்தில் 1898ஆம் ஆண்டு உதைபந்தாட்ட லீக் போட்டி ஆரம்பமானது. 1933 வரை அந்தக் கிண்ணம் ஆங்கிலேயர் அணிகளை விட்டு வெளியே போனதில்லை. கடைசி 3 வருடங்கள் தொடர்ந்து வென்றது டர்ஹாம் காலாட்படை என்ற இராணுவ அணி.

இந்திய இளைஞர்களுக்குத் திறமை இல்லையா? நிறையவே இருந்தது. 1911இல் மோகன் பகான் கழகம் கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று தோற்கடித்து ஷீல்ட் கிண்ணத்தை வென்றபோது, 11 பேரில் 10 பேர் வெறுங்காலில் விளையாடினார்கள்! ஆனால் லீக் என்பது சில ஆட்டங்களில் முடிகிற காரியமல்ல. மாதக்கணக்கில் இழுக்கும். காய்ந்த தரையில் வெறுங்கால் மான் போல ஓடும். மழை விழுந்து தரை சேறானதும் வழுக்கும். எதிரே நிற்கும் சிப்பாயின் காலிலோ அடியில் குமிழ் வைத்த பூட்ஸ். அவன் ஊன்றி நிற்பான். அவன் பூட்ஸின் கீழ் அகப்பட்ட கால்விரலின் கதியை நினைத்துப் பாருங்கள்!

1891இல் தொடங்கப்பட்ட முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம் நெடுங்காலம் கீழ்ப் பிரிவிலேயே கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் முக்கியமானவர் அஸீஸ் என்ற நிர்வாகி. பெங்களூர் போன்ற தூரத்து ஊர்களிலிருந்தும் நல்ல ஆட்டக்காரர்களைத் தேடி அழைத்து வந்தார்கள். அதைவிடப் பெரிய காரியம், தரை ஈரமானால் பூட்ஸ் போட்டு ஆடும்படி வீரர்களைப் பழக்கியதுதான். கேட்கச் சிறிய விஷயம் போலத் தெரியும். புதுச் செருப்புக்கே நம் காலில் கொப்புளம் போடுகிறது. சிறு வயது முதல் வெறுங்காலால் பந்தைத் தொட்டு உணர்ந்து விளையாடியவனுக்கு பூட்ஸ் மாட்டினால், தன் கால் தனக்கே அந்நியமாகிவிடும். பொறுமையாகப் பழகித்தான் ஆக வேண்டும். பழகினார்கள்.

1934இல் முதற்பிரிவுக்கு ஏறிய அந்த அணி, அதே வருடம் சம்பியனானது! லீக்கை வென்ற முதல் இந்திய அணி அதுதான். ஏதோ அதிர்ஷ்டம் என்று சொன்னவர்களுக்கு 1935, 1936, 1937, 1938 என்று வரிசையாகப் பதில் கிடைத்தது. 1936இல் ஷீல்ட் கிண்ணமும் சேர்ந்து வந்தது. 1940இல் டெல்லியில், அதுவரை எந்த இந்திய அணியும் வெல்லாத டுராண்ட் கிண்ணத்தையும் றோயல் வோரிக்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று எடுத்தார்கள். அந்தக் கழகத்தின் பெயரிலேயே ஊருக்கு ஊர் கழகங்கள் முளைத்தன. டாக்காவில் 1936இல் தோன்றியது இன்றும் இருக்கிறது.

ஆரம்பத்தில் ஆங்கிலேயனை வென்ற மகிழ்ச்சியில் எல்லா சமூகத்தாரும் பங்குகொண்டார்கள். பிறகு வகுப்புக் கசப்பு மைதானத்துக்குள்ளும் புகுந்தது. அது யாருக்கும் பெருமையல்ல.

பூட்ஸால் பெயர் வாங்கிய இந்த அணியிலிருந்து ஒருவர், வெறுங்காலால் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார் என்பது வேடிக்கை. அவர் பெயர் முஹம்மது சலீம். 1936இல் உறவினர் ஒருவருடன் ஸ்கொட்லாந்து போய், புகழ்பெற்ற செல்டிக் கழகத்தில் வாய்ப்புக் கேட்டார். பூட்ஸ் போடாமல் ஆடுவேன் என்றதும் அங்கிருந்தவர்களுக்கு வியப்பு. கால்களில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு களம் இறங்கினார். ஓகஸ்ட் 28ஆம் திகதி கால்ஸ்டன் அணிக்கெதிரான ஆட்டத்தில் செல்டிக் 7-1 என்று வென்றது. பத்திரிகைகள் அவரைப் பந்துவித்தைக்காரர் என்று கொண்டாடின. கழகம் அவரை வைத்துக்கொள்ள விரும்பியது. ஆனால் ஊர் நினைவு அவரை விடவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

பல வருடங்கள் கழித்து சலீம் நோயுற்றபோது, அவர் மகன் செல்டிக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தந்தையின் சிகிச்சைக்கு உதவி வேண்டும் என்று கடிதத்தில் இருந்தாலும், பணத்தை எதிர்பார்த்து எழுதவில்லை என்றும், தந்தையை அங்கே இன்னும் நினைவு வைத்திருக்கிறார்களா என்று அறியவே எழுதியதாகவும் பின்னர் சொன்னார். பதில் வந்தது. உறைக்குள் 100 பவுண் பணமும் இருந்தது.