தறிக்குத் துணை யார்?

"டக்... டக்... டக்..."

இது என்ன சத்தம், சொல்லுங்கள் குட்டீஸ்? கைத்தறி ஓடும் சத்தம்தான்!

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், காந்திகிராமத்தை ஒட்டி இருக்கிறது சின்னாளப்பட்டி. நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். இங்கே நெய்த செயற்கைப் பட்டுச் சேலைக்கு, 'சின்னாளப்பட்டு' என்று ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. சுங்குடிச் சேலைக்கும் இந்த ஊர் பிரபலம்.

சேலையை நெய்பவர் நெசவாளர், வாங்குபவர்கள் நாம். நடுவில் அரசாங்கத்துக்கு என்ன வேலை? வாருங்கள், பார்ப்போம்.

ஒரு நெசவாளரிடம் தறியும் இருக்கிறது, திறமையும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மட்டும் போதுமா? நூல் வாங்கப் பணம் வேண்டும். நெய்த சேலையை விற்க ஆள் வேண்டும். தனி ஒருவரால் இதெல்லாம் முடிவதில்லை. கடன் வாங்கினால், கூலியில் பாதி வட்டிக்கே போய்விடும்.

இதற்காகத்தான் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. சங்கம் நூல் கொடுக்கும். உறுப்பினர் நெய்து கொடுத்து, கூலி வாங்கிக்கொள்வார். சங்கங்களின் துணிகளை விற்க 1935ல் தொடங்கப்பட்டதுதான் 'கோ-ஆப்டெக்ஸ்'. தீபாவளி சமயத்தில் அந்தக் கடைகளில் 'தள்ளுபடி' என்று போர்டு தொங்குமே, பார்த்திருக்கிறீர்களா? அந்தத் தள்ளுபடிக்கு அரசும் பணம் கொடுத்து உதவுகிறது.

அரசே பெரிய வாடிக்கையாளராகவும் மாறுவதுண்டு. தமிழகத்தில் 1983ல் இலவச வேட்டி, சேலைத் திட்டம் தொடங்கியது. ஏழைகளுக்குப் பொங்கலுக்குப் புதுத் துணி, தறிக்காரர்களுக்கு வேலை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

அடுத்தது சட்டம். கைத்தறியில் ஒரு சேலை நெய்யும் நேரத்தில், மின்சாரத்தில் ஓடும் விசைத்தறி பல சேலைகளை நெய்துவிடும். விலையும் குறைவு. போட்டி சமமாக இல்லையே! அதனால், சில துணி ரகங்களைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று 1985ல் மத்திய அரசு சட்டம் போட்டது. முதலில் 22 ரகங்கள் ஒதுக்கப்பட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1993ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஆனால், 1996ல் ரகங்கள் 11 ஆகக் குறைக்கப்பட்டன.

சரி, நெசவாளர் பிழைத்தால் ஊருக்கு என்ன லாபம்? அவர் வாங்கும் கூலி, மளிகைக் கடைக்குப் போகிறது. கடைக்காரர் தன் மகனுக்கு நோட்டு வாங்குகிறார். நோட்டுக் கடைக்காரர் வீடு கட்டுகிறார். கொத்தனாருக்கு வேலை கிடைக்கிறது. இப்படிப் பணம் கை மாறி, வேலையும் உற்பத்தியும் பெருகுவதைத்தான் 'பொருளாதார வளர்ச்சி' என்கிறோம்.

அரசு இவ்வளவு செய்தும் கைத்தறி செழித்ததா? கணக்கெடுப்பைப் பாருங்கள். நாடு முழுவதும் கைத்தறித் தொழிலில் இருந்தவர்கள் 1995-96ல் சுமார் 65 லட்சம் பேர். 2009-10ல் 43 லட்சம். 2019-20ல் 35 லட்சம். ஏன் இப்படி? கைத்தறி ரகத்தை விசைத்தறியில் நெய்து விற்பவர்கள் உண்டு. சட்டம் இருந்தால் மட்டும் போதாது. அதை நடைமுறைப்படுத்தவும் வேண்டும். கூலி கட்டுப்படியாகவில்லை என்றால், நெசவாளரின் பிள்ளைகள் வேறு வேலைக்குத்தான் போவார்கள். அது தப்பும் இல்லையே!

இன்னொரு விஷயம். அரசு செலவிடும் பணம், நீங்கள் வாங்கும் சோப்பு, பிஸ்கெட்டில் சேர்ந்திருக்கும் வரியிலிருந்தும் வருகிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சாலை, தறி... எதற்கு எவ்வளவு கொடுப்பது? இதைத்தான் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் பெரியவர்கள் விவாதிக்கிறார்கள்.

தறிக்கு அரசு துணை நிற்கலாம். சேலையை வாங்குவது நாம்தானே? அடுத்த முறை அம்மாவுடன் துணிக்கடைக்குப் போகும்போது, 2006ல் அறிமுகமான 'கைத்தறி முத்திரை' சேலையில் இருக்கிறதா என்று தேடுங்கள். அது இருந்தால், எங்கோ ஒரு வீட்டில் 'டக்... டக்...' சத்தம் இன்னும் கேட்கிறது என்று அர்த்தம்!