இலேசர் துவக்கு விளையாட்டுக் கருவியின் இயக்கம்

இலேசர் துவக்கு விளையாட்டு, 1984 ஆம் ஆண்டு அமெரிக்காவின் டலஸ் நகரிலே ஜோர்ஜ் காட்டர் என்பார் அமைத்த அரங்கின் மூலம் பொதுமக்களிடையே பரவலாயிற்று. பெயரில் இலேசர் இருப்பினும், துவக்கின் விசையை அழுத்தியதும் பாய்ந்து எதிரியின் கவசத்தைத் தாக்குவது பெரும்பாலும் செங்கீழ்க் கதிரேயாம். 1800 இல் வில்லியம் எர்செல் கண்டறிந்த இக்கதிர் கண்ணுக்குப் புலனாகாது. வெள்ளவத்தை இல்லங்களில் தொலைக்காட்சியை இயக்கும் கைக்கருவி உமிழ்வதும் இதுவே.

துவக்கினுள் ஒளிகாலும் இருவாயி ஒன்று உண்டு. அதன் முன்னுள்ள குவிவில்லை, கதிரை ஒடுங்கிய கற்றையாக்குகின்றது.

ஈண்டு ஓர் ஐயம் எழும். ஞாயிற்றொளியிலும் செங்கீழ்க் கதிர் நிறைந்துள்ளதே. கவசம் ஏமாறாதிருப்பது எங்ஙனம்? துவக்கின் கதிர் செக்கனுக்கு 38,000 அல்லது 56,000 முறை என்றாற்போல் ஒரு குறித்த மீடிறனில் துடிக்கின்றது. கவசத்திலுள்ள உணரி அம்மீடிறனை மட்டும் ஏற்று, ஏனையவற்றைத் தள்ளுகின்றது. கொட்டாஞ்சேனைச் சந்தடியிலும் கோயில் மணியோசையைச் செவி பிரித்தறிவது போல. துடிப்புக் கூட்டங்களின் நெடுமையும் குறுமையும் குறியீடாகி, எய்தவர் எவரென உணர்த்தும். ஆதலின், குறி தப்பியதோ பட்டதோ எனத் தீர்ப்பது எய்தவர் துவக்கன்று; எதிரியின் கவசமே.

இவ்வலிகுறைந்த கதிரால் ஆட்டக்காரர்க்குத் தீங்கில்லை. ஆயின், குறிபார்ப்பதற்கும் அழகிற்கும் சில துவக்குகளில் உண்மை இலேசரையும் சேர்ப்பதுண்டு. வலுமிக்க இலேசர் விழித்திரையைக் கெடுக்கும். எனவே அஞ்சத்தக்கது தாக்கும் கதிரன்று. அணியாகச் சேர்த்த கதிரேயாம். அதனை எவர் கண்ணுக்கு நேரேயும் பிடித்தலாகாது.