டிவிக்கு முன்னால் அறையைப் பாருங்கள்

வீட்டில் ஒரு அறையை ஹோம் தியேட்டர் ஆக்க நினைப்பவர்கள் முதலில் ஓடுவது டிவி கடைக்கு. உண்மையில் முதல் செலவு அறைக்குத்தான் ஆக வேண்டும்.

டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல்: நம் வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான். நடுவில் நின்று கை தட்டினால் ஓசை கணகணவென்று திரும்பி வரும். அங்கே எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கரை வைத்தாலும் வசனம் குழம்பும். தடித்த திரைச்சீலை, தரைவிரிப்பு, புத்தகங்கள் நிறைந்த அலமாரி எல்லாம் எதிரொலியைக் குறைக்கும். இன்னும் துல்லியம் வேண்டுமா? ஒருவர் சோபாவில் உட்கார, இன்னொருவர் பக்கச் சுவரை ஒட்டி முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்த வேண்டும். அதில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில்தான் ஒலி மோதித் திரும்புகிறது. ஒலி உறிஞ்சும் பலகையை அங்கே பொருத்தலாம்.

அடுத்து ஸ்பீக்கர்கள். 5.1 என்பது ஐந்து ஸ்பீக்கர்களும், தாழ்ந்த ஒலிக்கான ஒரு சப்வூஃபரும். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வருவதால் அதில் சிக்கனம் கூடாது.

65 அங்குல டிவிக்கு எட்டு, ஒன்பது அடி தள்ளி உட்காரலாம். புரொஜெக்டர் என்றால் சுவருக்கும் கூரைக்கும் பளபளப்பில்லாத அடர்நிறப் பெயின்ட்தான் சரி. வெள்ளைக் கூரை வெளிச்சத்தைத் திரைக்கே திருப்பி அனுப்பி, கறுப்பை வெளிறச் செய்துவிடும்.

சப்வூஃபரை மூலையில் வைத்தால் அதிர்வு கூடும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கீழ்வீட்டுக்காரரை நினைத்து அதைச் சற்று நகர்த்தி வையுங்கள்.