தீவில் ஒரு மனை – 9: எரிமலைச் சரிவில் ஓர் ஏக்கர்

ஹொனலுலு இருக்கும் ஓவாஹு தீவில் தனி வீடு வாங்க இன்று பத்து லட்சம் டாலர் வேண்டும். அதே ஹவாய் மாநிலத்தில், ‘பெரிய தீவு’ எனப்படும் ஹவாய்த் தீவின் கிழக்கு ஓரத்தில் புனா என்றொரு வட்டாரம் இருக்கிறது. அங்கே ஓர் ஏக்கர் மனை சில பத்தாயிரம் டாலருக்கே கிடைக்கிறது. இந்த மலிவு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் யாரும் அங்கே முன்பணம் கொடுக்கக் கூடாது.

1959-இல் ஹவாய் அமெரிக்காவின் 50-ஆவது மாநிலமானது. அதையொட்டிய ஆண்டுகளில் நில வணிகர்கள் புனாவின் காட்டையும் உறைந்த எரிமலைக் குழம்புப் பாறையையும் வாங்கி, வரைபடத்தில் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்து விற்றார்கள். ஹவாயன் பாரடைஸ் பார்க் என்ற ஒரே மனைப்பிரிவில் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மனைகள். தீவைக் கண்ணால் பார்க்காமலே தவணையில் வாங்கியவர்கள் ஏராளம். குடிநீர்க் குழாய் கிடையாது, பாதாளச் சாக்கடை கிடையாது. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்து, வடிகட்டிப் புழங்குகிறார்கள். மழை குறைந்தால் லாரித் தண்ணீர்தான். உட்சாலைகள் பெரும்பாலும் தனியாருடையவை. செப்பனிடுவதும் மனைக்காரர்கள் செலவு. 2016 முதல் கழிவுநீருக்குப் புதிய உறிஞ்சுகுழி வெட்டத் தடை இருப்பதால், பாறையை உடைத்து செப்டிக் டேங்க் இறக்க வேண்டும். மனை விலையோடு இவை அத்தனையையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

எல்லை இன்னொரு சிக்கல். காடு மூடிய மனையில் எது யாருடையது என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. பாரடைஸ் பார்க்கில் ஒரு பெண்மணி, வரி பாக்கிக்காக 2018-இல் ஏலத்துக்கு வந்த மனையை ஏறத்தாழ 22,500 டாலருக்கு எடுத்தார். பின்னர் அவருடைய காலி மனையில், அவருக்கே தெரியாமல், சுமார் 5 லட்சம் டாலர் மதிப்புள்ள வீடு எழும்பிவிட்டது. கட்டியவர்கள் நில அளவையரை அழைக்காமல், சாலையோரக் கம்பங்களை எண்ணி மனையை அடையாளம் கண்டிருக்கிறார்கள். வழக்கு 2024-இல் உலகச் செய்தியானது. பத்திரத்தில் அவர் பக்கம் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. அளவைக் கூலியை மிச்சம் பிடிப்பது எவ்வளவு பெரிய அநியாயத்தில் கொண்டுபோய் விடுகிறது!

எல்லாவற்றுக்கும் மேல், எரிமலை. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் இத்தீவை ஒன்பது அபாய மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. ஒன்றாம் மண்டலம்தான் மிக ஆபத்தானது. லெய்லானி எஸ்டேட்ஸ் மனைப்பிரிவு அதில்தான் இருக்கிறது. 2018 மே 3 அன்று அங்கே குடியிருப்புத் தெருக்களுக்கு நடுவே நிலம் பிளந்து குழம்பு பீறிட்டது. அந்தக் கோடையில் புனாவில் 700-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. ராயல் கார்டன்ஸ் என்ற மனைப்பிரிவோ 1983-இல் தொடங்கிய கிலாவேயா எரிமலை வெடிப்பில் கொஞ்சம் கொஞ்சமாக மூடப்பட்டது. மிஞ்சி நின்ற கடைசி வீடு 2012-இல் போயிற்று.

குழம்பு கடலுக்குள் பாய்ந்து புது நிலம் உருவானால் அது கரையோர மனைக்காரருக்குச் சேருமா? 1955 வெடிப்பில் புனாவில் உருவான நிலத்தைப் பற்றி இந்த வழக்கு வந்தது. அது அரசுக்கே என்று ஹவாய் உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தது. எரிமலை விழுங்கினால் நட்டம் உரிமையாளருக்கு. எரிமலை கொடுத்தால் லாபம் அரசுக்கு.

“தெரிந்தே ஏன் அங்கே வாங்குகிறார்கள்?” என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கூலி வேலை செய்பவர் அந்த மாநிலத்தில் சொந்த வீடு கட்ட வேறு இடம் எங்கே மிச்சமிருக்கிறது? குறை சொல்ல வேண்டியது, இந்த மண்ணைக் கட்டம் போட்டு விற்க அனுமதித்தவர்களை.

1990-இல் புனாவின் கலாபனா ஊர் குழம்பில் புதைந்த பிறகு, தனியார் காப்பீடு கிடைக்காதவர்களுக்காக 1991-இல் மாநிலச் சட்டமன்றமே ஓர் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. ஆகவே மனையைப் பார்த்ததும் முதலில் மண்டல எண்ணைக் கேளுங்கள். பிறகு அந்த மண்டலத்தில் வீட்டுக்குக் காப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு, எந்த வங்கி கடன் தரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒன்றாம் மண்டலம் என்றால் பல வங்கிகள் விண்ணப்பத்தையே வாங்குவதில்லை.