அம்மாவின் மிளகாய் விதையும் ஹட்டன் குளிரும்: வீட்டுக்குள் வளர்க்கும் நாற்றுகள் ஏன் சாகின்றன?

கிளிநொச்சியில் அம்மா மிளகாய் விதை போட்டால் ஒரு வாரத்தில் முளைத்துவிடும். அவர் அதற்கென்று பெரிதாக எதுவும் செய்து நான் கண்டதில்லை. காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பார், அவ்வளவுதான்.

2009 இல் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு சேர்த்து அந்த விதையும் போனது. மீள்குடியேறிய பிறகு ஊரில் ஒருவரிடம் நாலு பழம் வாங்கி, அதிலிருந்து அம்மா மறுபடி பெருக்கினார். நான் திருமணமாகி ஹட்டனுக்கு வந்தபோது ஒரு பழைய மருந்துப் போத்தலில் அதைத்தான் போட்டுத் தந்தார்.

எங்கள் தாத்தா 1977 வன்செயலுக்குப் பின் இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வன்னிக்குப் போனவர். அவர் விட்டுப்போன மலைக்குத்தான் நான் வந்திருக்கிறேன். ஆனால் இந்த மலையின் குளிரும் மண்ணும் எனக்குத் தெரியாதவை.

2022 இல் பொருளாதார நெருக்கடியில் மிளகாய் விலை ஏறியபோது போத்தலைத் திறந்தேன். லயத்தில் எங்களுக்கென்று காணி இல்லை. அதனால் யோகட் கோப்பைகளில் நாற்பது விதை போட்டு யன்னலோரம் வைத்தேன். பன்னிரண்டுதான் முளைத்தன. மூன்றாவது வாரம் அவற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. போத்தலில் இருபத்தைந்து விதை இருந்தது.

பக்கத்துக் காம்பராப் பெரியம்மா தேயிலை நாற்றுமேடையில் பல வருடம் வேலை செய்தவர். கோப்பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னா புள்ள இது, குடிக்கக் குடுக்கச் சொன்னா முக்கி வச்சிருக்க?" என்றார். நான் வன்னி வெயிலுக்கு ஊற்றும் தண்ணீரை ஹட்டன் மூடுபனியில் ஊற்றிக்கொண்டிருந்தேன். நாற்று எப்படிச் சாகிறது என்று பார்த்தால் ஏன் சாகிறது என்பது தெரியும். அவரிடம் கேட்டும், தேடி வாசித்தும், கைப்பட அனுபவித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முளைக்கவே இல்லையா?

விதை பழுதா, குளிரா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு வாரம் வையுங்கள். எனக்கு ஏழு முளைத்தன. ஆக, அம்மாவின் விதையில் பிழை இல்லை.

பிழை குளிரில் இருந்தது. மிளகாய் விதை நன்றாக முளைக்க 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். 15 பாகைக்குக் கீழே போனால் பெரும்பாலும் முளைக்காது. ஆயிரம் மீற்றர் மேலே ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். ஹட்டன் சுமார் 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அப்படியென்றால் கிளிநொச்சியை விட இங்கே ஏறத்தாழ எட்டுப் பாகை குறைவு. இன்னும் மேலே உள்ள நுவரெலியாவில் சராசரியே 16 பாகை அளவுதான்.

லயத்தில் சூடான இடம் அடுப்படி. அடுப்புக்கு மேலே உள்ள தட்டில், கை வைத்தால் இதமாக இருக்கும் தூரத்தில் கோப்பைகளை வைத்தேன். முளைக்கும்வரை மிளகாய் விதைக்கு வெளிச்சம் தேவையில்லை. ஆனால் முளை தலைகாட்டிய அன்றே வெளிச்சத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

அடித்தண்டு மெலிந்து சரிகிறதா?

நேற்று நேராக நின்ற நாற்று இன்று மண்மட்டத்தில் நூல்போல் மெலிந்து விழுந்து கிடக்கும். இது நாற்றழுகல். பித்தியம், ரைசொக்டோனியா போன்ற, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் இதை உண்டாக்குகின்றன. ஈரமும் குளிரும் காற்றோட்டம் இல்லாத நெருக்கமும் அவற்றுக்கு வாய்ப்பான சூழல்.

சரிந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. மண்ணோடு சேர்த்து அகற்றிவிட்டால் மற்றவை தப்பலாம். வன்னியில் நாற்றுமேடையில் வைக்கோலும் உமியும் பரப்பி எரிப்பது இந்த நோயைத் தடுக்கத்தான். வீட்டுக்குள் அதற்குப் பதிலாக, மண் கலவையில் கொதிநீர் ஊற்றி ஆறவிடலாம். மண், தும்புத்தூள், நன்றாக மக்கிய கூட்டெரு மூன்றையும் சம அளவில் கலந்தால் தண்ணீர் தேங்காது. கோப்பையின் அடியில் மூன்று நான்கு துளை கட்டாயம்.

தண்ணீரை மேலே ஊற்றாமல், தட்டில் ஊற்றிக் கோப்பையை அதில் கால் மணிநேரம் வையுங்கள். மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். அடுத்த தண்ணீர் எப்போது என்பதற்குப் பெரியம்மாவின் வழி இலகுவானது: கோப்பையைத் தூக்கிப் பாருங்கள், பாரம் குறைந்திருந்தால் மட்டும் கொடுங்கள். மழைக்காலத்தில் எனக்கு அது நாலு நாளுக்கு ஒருமுறை என்றானது.

நெட்டையாக வெளிறி வளர்கிறதா?

யன்னல் பக்கம் சாய்ந்து, தண்டு நீண்டு, இலை சிறுத்து நின்றால் அது வளர்ச்சி இல்லை. வெளிச்சத்தைத் தேடிச் செடி நீள்கிறது. லயத்து யன்னல் சிறியது, அதிலும் மூடுபனி நாட்களில் வெளிச்சம் போதாது. 9 வாற்று வெள்ளை எல்ஈடி மின்குமிழ் ஒன்றை நாற்றுக்கு மேலே 15 சென்ரிமீற்றர் உயரத்தில் தொங்கவிட்டு, நாளொன்றுக்கு 14 மணிநேரம் எரித்தேன். மாதத்துக்கு நாலு அலகு மின்சாரம்கூடச் செலவாகாது. கோப்பையையும் நாளுக்கொருமுறை திருப்பி வைக்க வேண்டும்.

இலை மஞ்சளாகிறதா?

மண் எப்போதும் ஈரமாக இருந்தால் முதலில் தண்ணீரைக் குறையுங்கள். வேருக்குக் காற்று கிடைக்காததுதான் பெரும்பாலும் காரணம். அவசரப்பட்டு யூரியா போட வேண்டாம், இளம் வேர் கருகிவிடும். முதல் இரண்டு உண்மையான இலைகள் விரியும்வரை வித்திலையில் உள்ள உணவே போதும்.

இன்னொரு காரணத்தை நான் நினைத்தே பார்க்கவில்லை. தேயிலை மலையின் மண் அமிலத்தன்மை உடையது. பிஎச் 4.5 முதல் 5.5 வரை இருந்தால் தேயிலைக்கு நல்லது. மிளகாய்க்கு 6 முதல் 7 வரை வேண்டும். மலையிலிருந்து அள்ளிய மண்ணென்றால் விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்பே கொஞ்சம் டொலமைட் கலந்து வையுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு பிடி அடுப்புச் சாம்பல் உதவும். ஆனால் அளவு மிஞ்சக் கூடாது.

வெளியே வைத்ததும் வாடுகிறதா?

நாற்றுமேடையில் தேயிலைக் கன்றின் பந்தலை ஒரே நாளில் பிரிக்க மாட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டிய பிறகே மலைக்குக் கொண்டுபோவார்கள். மிளகாய்க்கும் அதுவேதான். முதல் நாள் இஸ்தோப்பில் ஒரு மணிநேரம், அடுத்த நாள் இரண்டு என்று, ஒரு வாரம் பத்து நாள் பழக்குங்கள். இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள்.

கனடாவிலோ நோர்வேயிலோ குளிர்கால யன்னலோரம் ஊர் விதை போட்டுத் தோற்றவர்களுக்கும் கணக்கு இதுதான்: வெப்பம், வெளிச்சம், தண்ணீர். ஊரின் பழக்கத்தை அப்படியே கொண்டுபோனால் விதை பொறுக்காது.

கடைசி இருபத்தைந்து விதையில் பதினொரு செடி நின்றன. குளிரில் மெதுவாகத்தான் வளர்ந்தன. முதலில் பழுத்த இரண்டு பழத்தைக் கறிக்குப் போடாமல் காயவைத்து, விதையெடுத்து, அதே போத்தலில் போட்டேன். தொலைபேசியில் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இனி இஞ்ச அழிஞ்சாலும் உன்னட்ட இருக்கும்" என்றார்.