பசுவின் தீவனமும் பாலின் கொழுப்பு அமிலங்களும்

பசு உண்ணும் தீவனத்தைப் பொறுத்துப் பாலில் உள்ள கொழுப்பின் அளவு மட்டுமன்றி, அக்கொழுப்பில் அடங்கிய அமிலங்களின் வகையும் மாறுகின்றது. வானம் பார்த்த பூமியான இராமநாதபுரம் மாவட்டத்தில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் பசும்புல் கோடையில் மறைந்து வைக்கோல் அந்த இடத்தைப் பிடிக்கிறது. எனவே பாலின் கொழுப்பும் பருவத்திற்கேற்ப மாறுகிறது. பாலுக்குக் கிடைக்கும் விலை, நெய்யின் தரச் சோதனை ஆகிய இரண்டும் இதனுடன் தொடர்புடையவை.

பால் கொழுப்பின் அமைப்பு

பசும்பாலில் பொதுவாக 3.5 முதல் 4.5 விழுக்காடு கொழுப்பு உள்ளது. அதில் 400க்கும் மேற்பட்ட கொழுப்பு அமிலங்கள் கண்டறியப்பட்டுள்ளன. ஏறத்தாழ 70 விழுக்காடு நிறைவுற்றவை. 25 விழுக்காடு ஒலியிக் அமிலம் போன்ற ஒற்றை நிறைவுறா வகை. எஞ்சிய சிறு பகுதி லினோலியிக், லினோலெனிக் போன்ற பன்மை நிறைவுறா வகை. நான்கு கார்பன் அணுக்களே கொண்ட பியூட்டிரிக் அமிலம், அசைபோடும் விலங்குகளின் பால் கொழுப்பிற்குரிய சிறப்புக் கூறாகும்.

கொழுப்பு உருவாகும் இரு வழிகள்

பால் கொழுப்பின் ஏறத்தாழ ஒரு பாதி மடியிலேயே உருவாகிறது. வைக்கோல், புல் ஆகியவற்றின் நார்ச்சத்தை அசை இரைப்பையிலுள்ள நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்யும்போது அசிட்டிக் அமிலம் கிடைக்கிறது. இதைக்கொண்டு மடி, 4 முதல் 16 கார்பன் வரையுள்ள குறுகிய, நடுத்தர அமிலங்களைத் தயாரிக்கிறது. மறு பாதி, தீவனத்திலுள்ள எண்ணெயிலிருந்தும் பசுவின் உடற்கொழுப்பிலிருந்தும் இரத்தத்தின் வழியாக மடிக்கு வந்து சேர்கிறது. 18 கார்பன் கொண்ட அமிலங்கள் இவ்வழியில் வருபவை.

அசை இரைப்பையின் பங்கு

தீவனத்தில் உள்ள எண்ணெய் அப்படியே பாலுக்கு வருவதில்லை. நிறைவுறா அமிலங்கள் நுண்ணுயிரிகளுக்குத் தீங்கானவை என்பதால், அவை ஹைட்ரஜனைச் சேர்த்து அவற்றை நிறைவுற்ற ஸ்டியரிக் அமிலமாக மாற்றுகின்றன. பசும்புல்லின் கொழுப்பில் பாதிக்கும் மேல் லினோலெனிக் அமிலமாக இருந்தும், பாலில் அது மிகக் குறைவாகவே காணப்படுவதற்கு இதுவே காரணம். மடியிலுள்ள ஒரு நொதி, ஸ்டியரிக் அமிலத்தில் ஒரு பகுதியை மீண்டும் ஒலியிக் அமிலமாக மாற்றுகிறது. இடைநிலையில் தப்பி வரும் வாக்செனிக் அமிலத்தை அதே நொதி இணைந்த லினோலியிக் அமிலமாக மாற்றுகிறது. பசும்புல் மேயும் மாட்டின் பாலில் இவ்வமிலம் மிகுந்திருக்கும்.

இப்பகுதித் தீவனங்களும் அவற்றின் விளைவும்

பசும்புல், அகத்திக்கீரை: லினோலெனிக், இணைந்த லினோலியிக் அமிலங்கள் கூடும். கரோட்டின் மிகுவதால் வெண்ணெய் மஞ்சள் நிறம் பெறும்.

வைக்கோல்: கொழுப்பும் கரோட்டினும் மிகக் குறைவு. நார்ச்சத்து மிகுதியால் கொழுப்பு விழுக்காடு குறையாவிட்டாலும், சத்துப் பற்றாக்குறையால் பாலின் அளவு குறையும். வெண்ணெய் வெளிறும்.

தேங்காய்ப் புண்ணாக்கு: உச்சிப்புளி, தங்கச்சிமடம் போன்ற தென்னை மிகுந்த கடலோர ஊர்களில் எளிதில் கிடைப்பது. தேங்காய் எண்ணெயில் பாதியளவு லாரிக் அமிலமாகும். எனவே பாலில் லாரிக், மிரிஸ்டிக் அமிலங்கள் கூடி வெண்ணெய் கெட்டியாகும்.

சோறு, கஞ்சி, மாவு: அளவு மீறினால் அசை இரைப்பையில் அமிலத்தன்மை ஏறும். நுண்ணுயிரிகளின் பணி திசைமாறி, மடியில் கொழுப்பு உற்பத்தியைத் தடுக்கும் ஒரு வகை இணைந்த லினோலியிக் அமிலம் உருவாகும். பால் அளவு குறையாமலேயே கொழுப்பு மட்டும் சரியும்.

மீன் எண்ணெய்: இதிலுள்ள ஒமேகா-3 அமிலங்களில் சிறு பங்கே பாலைச் சேரும். அளவு மிகுந்தால் கொழுப்பு விழுக்காடும் குறையும்.

பருத்திக்கொட்டையும் நெய்ச் சோதனையும்

கமுதி, முதுகுளத்தூர் வட்டாரங்களின் கரிசல் நிலங்களில் பருத்தி விளைகிறது. பருத்திக்கொட்டை தென்மாவட்டங்களில் கறவை மாடுகளுக்கான பழைய தீவனம். இதன் எண்ணெயில் லினோலியிக் அமிலம் மிகுதி. முழுக்கொட்டையை அளவோடு கொடுத்தால் கொழுப்பு விழுக்காடு குறைவதில்லை, கூடுவதும் உண்டு. ஆனால் 18 கார்பன் அமிலங்கள் பெருகி, பியூட்டிரிக் போன்ற குறுகிய அமிலங்களின் பங்கு சுருங்குகிறது.

நெய்யில் கலப்படம் உண்டா என்று அறிய அளக்கப்படும் ரைக்கர்ட்–மைசல் எண், இக்குறுகிய அமிலங்களின் அளவையே காட்டுகிறது. தாவர எண்ணெய் கலந்தால் இவ்வெண் இறங்கும். பருத்திக்கொட்டை தின்ற மாட்டின் கலப்படமற்ற நெய்யிலும் அது இறங்கும். இதனால், உணவுக் கலப்படத் தடை விதிகள் பருத்திக்கொட்டை பெருமளவில் தீவனமாகும் பகுதிகளைப் ‘பருத்தி வட்டாரம்’ எனத் தனியே வகைப்படுத்தின. குஜராத்தின் பிற பகுதிகளுக்குக் குறைந்த அளவு 24 என்றிருக்க, அம்மாநிலப் பருத்தி வட்டாரங்களுக்கு 21 போதும் என்றன. தீவனத்தைக் கணக்கில் கொள்ளாத சோதனை நேர்மையான உற்பத்தியாளரையும் குற்றவாளியாகக் காட்டக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

உற்பத்தியாளர் கவனிக்க வேண்டியவை

கூட்டுறவுச் சங்கங்கள் கொழுப்பு, கொழுப்பற்ற இதர சத்து ஆகியவற்றின் அளவைக் கொண்டு விலை தருகின்றன. கொழுப்பின் வகைக்கு விலை இல்லை. ஆகவே, நார்த்தீவனத்தைக் குறைத்து மாவுத்தீவனத்தைக் கூட்டுவது பால் அளவை உயர்த்தினாலும் விலையில் இழப்பைத் தரலாம். தீவனத்தின் மொத்தக் கொழுப்பு, உலர்நிலையில் ஏறத்தாழ 6 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது. தீவனத்தைத் திடீரென மாற்றாமல், இரண்டு வாரங்களில் படிப்படியாக மாற்றினால் அசை இரைப்பை நுண்ணுயிரிகள் புதிய தீவனத்திற்குப் பழகிக்கொள்ளும்.