குத்தூசி முதல் நூல்கண்டு வரை

லட்சக்கணக்கில் சரக்குப் போடும் வியாபாரி, அதே சரக்கைப் பார்க்கவும் பிரிக்கவும் வேண்டிய சின்னச் சாமான்களுக்குச் செலவிட யோசிக்கிறார். மொத்த வியாபாரத்தில் இருக்கும் நாம் இதைத் தினமும் பார்க்கிறோம். அத்தகைய சாமான்கள் சிலவற்றையும், அவற்றைக் கையாளும் விதத்தையும் இங்கே சொல்கிறோம்.

முதலில் குத்தூசி. மூட்டை வாயைப் பிரித்து மேலே ஒரு கை அள்ளிப் பார்த்தால் போதாது. லாரிக் குலுக்கலில் தூசியும் குருணையும் அடிக்கு இறங்கிவிடும். ஈரமோ தரையிலிருந்து ஏறும். ஆகவே மேல், நடு, அடி என மூன்று இடத்தில் குத்திப் பார்க்க வேண்டும். ஊசியின் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி, முனையைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்துக் குத்துங்கள். உள்ளே போனதும் அரைச்சுற்றுத் திருப்பினால் தானியம் குழியில் விழுந்து, கைப்பிடி வழியாக உள்ளங்கைக்கு வந்துவிடும். மூன்று மாதிரியையும் கலக்காமல் தனித்தனிக் காகிதத்தில் வைத்துப் பார்ப்பது முக்கியம். கலந்துவிட்டால் அடிச்சரக்கின் குறை மறைந்துபோகும்.

சணல் சாக்கில் விழுந்த துளையை ஊசி முனையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டால் இழைகள் கூடி அடைபடும். பிளாஸ்டிக் சாக்கில் இது நடக்காது. அங்கே ஒட்டுநாடாவைக் கையில் வைத்துக்கொண்டுதான் குத்த வேண்டும். இல்லாவிட்டால் இரவெல்லாம் சரக்கு ஒழுகி எலிக்கு விருந்தாகும்.

மெஷின் தையல் போட்ட மூட்டையைக் கத்தியால் கிழிப்பது நமக்குப் பிடிக்காத காரியம். சாக்கும் பாழ், நூல் துண்டுகளும் அரிசியில் விழும். தையலின் ஒரு பக்கம் ஒற்றைக் கோடாகவும் மறுபக்கம் சங்கிலி போலவும் இருக்கும். ஒற்றைக் கோடு நம்மைப் பார்த்திருக்க, வலது கோடியில் முடிச்சை நறுக்கி நூலை இழுத்தால் சரசரவென்று முழுவதும் பிரிந்துவிடும். கிடைத்த நூல் பொட்டலம் கட்ட உதவும், சாக்கும் விலை போகும்.

எண்ணெய் டின்னை ஊற்றும்போது துளையைக் கீழ்ப்பக்கம் வைப்பவர்களே அதிகம். துளை மேல்பக்கம் வரும்படி டின்னைச் சாய்த்துப் பாருங்கள். காற்று உள்ளே போக வழி கிடைப்பதால் குபுக் குபுக்கென்று சிந்தாமல் நூல் பிடித்தாற்போல் இறங்கும்.

தராசு விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கைத்தராசு சரியா என்று அறிய வெறும் தட்டு சமமாக நிற்பது மட்டும் சாட்சியல்ல. ஒரு கிலோ கல்லுக்குச் சரக்கைச் சமமாக நிறுத்துவிட்டு, கல்லையும் சரக்கையும் தட்டு மாற்றி வையுங்கள். அப்போதும் சமமாக நின்றால்தான் தண்டு நேர்மையானது. மின்னணுத் தராசு என்றால் ஒரே கல்லைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். எண் மாறினால் முதலில் தராசு மட்டமாக நிற்கிறதா என்று குமிழியைக் கவனியுங்கள். அதன் பிறகும் மாறினால் பழுதுபார்ப்பவரிடம் அனுப்ப வேண்டியதுதான். மின்விசிறிக் காற்றும் எண்ணை ஆட்டும். இது பலருக்குத் தெரிவதில்லை.

2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன் விதிப்படி எடைக்கல், கைத்தராசு ஆகியவற்றுக்கு 24 மாதத்துக்கு ஒருமுறையும், மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறையும் முத்திரை பெற வேண்டும். தேதியைக் கல்லாப்பெட்டி மூடியின் உட்புறம் எழுதி ஒட்டிவைத்தால் அதிகாரி வரும்போது பதற வேண்டாம். வாடிக்கையாளர் எடையைச் சந்தேகித்தாலோ, அபராதத்தைவிட அது பெரிய நஷ்டம்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபின் காகிதப் பொட்டலமும் நூல்கண்டும் பல கடைகளில் திரும்பியிருக்கின்றன. கண்டை மேசையில் உருளவிடாதீர்கள். அடியில் துளையிட்ட டப்பாவில் போட்டுத் தலைக்கு மேல் தொங்கவிட்டு, நூலை உட்பக்கத்திலிருந்து எடுங்கள், சிக்கலே விழாது. அறுக்கக் கத்தி தேட வேண்டாம், நூலை நூலின் மேலேயே வளையமாகப் போட்டு வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும்.